கண்ணுக்குள் ஒரு ரிலே



போன செமஸ்டரில் எங்கள் பேட்ச் செய்த மினி புராஜெக்ட் 'ஆட்டோமேட்டிக் தெருவிளக்கு'. ஒரு எல்.டி.ஆர்., ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே, அவ்வளவுதான். இருட்டினால் விளக்கு எரியும், விடிந்தால் அணையும். வைவா முடிந்ததும் அந்த போர்டை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திண்ணையில் மாட்டினேன். காரணம் என் தம்பி. ஏழாவது படிக்கிறான். பொழுது சாய்ந்தால் அவனுக்கு வாசற்படி தெரியாது.

"மாலைக்கண்ணு, முருங்கைக்கீரை கொடு, ஆட்டு ஈரல் கொடு" என்று ஊரே சொன்னது. அம்மாவும் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. கண் டாக்டர் பார்த்துவிட்டு, "இது சத்துக் குறைவு இல்லை, பரம்பரையா வர்ற விழித்திரை நோய்" என்றார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். "டாக்டர் என்னடா சொன்னாரு?" என்று அப்பா என்னைத்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. லைப்ரரியில் தேடித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். 'மெடிக்கல் சமாச்சாரம், நமக்கெதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இது முழுக்க நம்ம சர்க்யூட்தான்!

விழித்திரையில் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். அவை பகலுக்கும் நிறத்துக்கும். குச்சி செல்கள் சுமார் 12 கோடி. அவை மங்கிய வெளிச்சத்துக்கு. ஒரே ஒரு போட்டானைக்கூடக் குச்சி செல் உணர்ந்துவிடும்.

எல்.டி.ஆரில் வெளிச்சம் பட்டால் கரண்ட் கூடும். குச்சி செல்லில் நேர் எதிர்! இருட்டில்தான் கரண்ட் ஓடுகிறது. செல் சவ்விலுள்ள வாயில்களை 'சைக்ளிக் ஜி.எம்.பி.' என்ற பொருள் திறந்து வைத்திருக்கும். சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அப்போது மின்னழுத்தம் சுமார் மைனஸ் 40 மில்லிவோல்ட். நம் பாஷையில் 'நார்மலி க்ளோஸ்டு' காண்டாக்ட்.

வெளிச்சம் வந்தால் இதை கட் செய்வது யார்? நொதிதான். ரோடாப்சினுக்குள் வைட்டமின் 'ஏ'யிலிருந்து வந்த ரெட்டினால் வளைந்து உட்கார்ந்திருக்கும். ஒளி பட்டதும் அது நிமிரும். உடனே ரோடாப்சின் விழித்து, டிரான்ஸ்டூசின் என்ற புரதத்தைத் தட்டி எழுப்பும். அது பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதியைக் கிளப்பிவிடும். அந்த நொதி சைக்ளிக் ஜி.எம்.பி.யை வெட்டித் தள்ளும். வாயில்கள் மூடும், மின்னழுத்தம் மைனஸ் 70 பக்கம் இறங்கும். இதுவே மூளைக்குப் போகும் சேதியின் தொடக்கம். ஒரு ரோடாப்சின் பல டிரான்ஸ்டூசினை எழுப்பும். ஒவ்வொரு நொதியும் ஏராளமான மூலக்கூறுகளை வெட்டும். அசல் ஆம்ப்ளிஃபையர்!

சரி, ரிலே ரீசெட் ஆக வேண்டாமா? அதற்கும் நொதிகளே காவல். ரோடாப்சின் கைனேஸ் என்ற நொதி ரோடாப்சின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும். அரெஸ்டின் என்ற புரதம் வந்து அதன் வாயை அடைக்கும். டிரான்ஸ்டூசின் தன் ஜி.டி.பி.யைத் தானே உடைத்துக்கொண்டு ஓயும். உள்ளே கால்சியம் குறைந்ததால் குவானிலேட் சைக்ளேஸ் நொதி வேகம் எடுத்து, சைக்ளிக் ஜி.எம்.பி.யை மறுபடி தயாரிக்கும். வாயில் திறக்கும், செல் அடுத்த ஒளிக்குத் தயார்.

இதில் ஒன்று பழுதானாலும் ஆபத்து. 1907-ல் ஜப்பானில் ஒகுச்சி என்ற மருத்துவர் ஒரு நோயை விவரித்தார். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் சில மணி நேரம் கழித்துத்தான் அவர்களுக்குப் பார்வை தெளியும். காரணம், கைனேஸோ அரெஸ்டினோ வேலை செய்யாததால் 'ஆஃப்' ஆவதில்லை. பாஸ்போடைஎஸ்டரேஸே பழுதானால் இன்னும் கொடுமை: சைக்ளிக் ஜி.எம்.பி. தேங்கி, வாயில்கள் திறந்தே கிடந்து, குச்சி செல்கள் மெல்ல மடியும்.

ஊர் வைத்தியம் பொய்யில்லை. வைட்டமின் 'ஏ' குறைவால் வரும் மாலைக்கண்ணுக்குக் கீரையும் ஈரலும் நல்லதே. ஆனால் நொதியைச் செய்யும் ஜீனே பழுதென்றால் கீரை என்ன செய்யும்? தம்பிக்கு எந்த ஜீன் என்பது பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

அப்பாவுக்கு அம்மா சொந்த அக்கா மகள். "நான் செஞ்ச பாவம்" என்று அம்மா அழுவார்கள். பாவமில்லை. இத்தகைய நோய்கள் பலவற்றில் ஒரு ஜீன் பிரதி மட்டும் பழுதானால் ஒன்றும் தெரியாது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்தால்தான் நோய். சொந்தத்தில் கட்டும்போது அதற்கு வாய்ப்பு அதிகம். இப்போது அக்காவை மாமாவுக்குக் கொடுக்கப் பேச்சு நடக்கிறது. ஒரு ராத்திரி அப்பாவுக்கு நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாமா வீட்டுக்குப் போய், "டாக்டரைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நம்பிக்கையும் உண்டு. ரெட்டினாலை மறுபடி வளைத்துத் தரும் ஆர்.பி.இ. 65 என்ற நொதியின் ஜீன் பழுதானவர்களுக்கு, நல்ல ஜீனைக் கண்ணில் செலுத்தும் சிகிச்சைக்கு 2017-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. மற்ற ஜீன்களுக்கும் ஆராய்ச்சி நடக்கிறது.

நண்பர்களே, உங்கள் தெருவில் மாலையானால் தடுமாறும் பிள்ளை இருந்தால் கேலி செய்யாதீர்கள்; கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அதுவரை எங்கள் திண்ணை விளக்கு தினமும் ஆறரைக்கு 'டிக்' என்று எரியும். அந்தச் சத்தம் கேட்டதும் தம்பி, "அண்ணா, உன் ரிலே வந்துடுச்சு" என்பான்.