வெட்டிய தழையை வாசலில் போடாதீர்கள்!

உண்ணிச்செடியை அழகுக்காக வளர்க்கும் தோழிகள் நம் வாசகிகளில் நிறைய பேர் இருப்பீர்கள். நானும் எட்டு வருஷமாக வளர்க்கிறேன். அதனால் கிடைத்த சந்தோஷத்தையும், ஒரு தடவை பட்ட மனக்கஷ்டத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல். சிறுமலை ஏறுகிறவர்களுக்கு இந்தச் செடி புதுசே இல்லை. வழியெல்லாம் புதராக மண்டிக் கிடக்கும். நான் நர்சரியிலிருந்து குட்டை ரகம் வாங்கி வந்தபோது, "காட்டுல சும்மா கெடக்கறத காசு குடுத்தா வாங்கினே?" என்று மாமியார் சிரித்தார். ஒரே கொத்தில் நடுவில் மஞ்சள், ஓரத்தில் ரோஸ் என்று பூத்து, வண்ணத்துப்பூச்சிகள் மொய்க்க ஆரம்பித்ததும் அவரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

வளர்ப்பது ரொம்ப சுலபம். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம அளவு போதும். தொட்டியில் அடியில் ஓட்டை அவசியம். தினம் ஆறு மணி நேரமாவது நல்ல வெயில் பட வேண்டும். நிழலில் வைத்தால் பூக்காது. மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும். புதுத் தளிரில்தான் பூ வரும் என்பதால், ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டி விடுங்கள். வெள்ளை ஈ வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம்.

இந்த வெட்டும் வேலையில்தான் தப்பு செய்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஆனி மாதம். மழையே இல்லை, எங்கேயும் பச்சை இல்லை. வெட்டிய தழையைக் குப்பைக்காரர் எடுத்துப் போகட்டும் என்று வாசலில் குவித்து விட்டேன். எதிர் வீட்டு அக்காவின் வெள்ளாடும் அதன் குட்டியும் மேய்ந்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் இரண்டும் இரை எடுக்கவில்லை, புழுக்கையும் போடவில்லை. மூன்றாம் நாள் கண் மஞ்சளாகி, மூக்கோரம் தோல் சிவந்து வெடித்தது. ஆஸ்பத்திரிக்கு நானும் துணைக்குப் போனேன். "என்ன தின்னுச்சு?" என்று டாக்டர் கேட்டார். "தெரியலையே சார்" என்றார் அக்கா. எனக்குத் தொண்டை அடைத்தது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் வைத்தியம் பார்க்க வேண்டுமே! "உண்ணிச்செடித் தழை சார். நான்தான் வெட்டிப் போட்டேன்" என்று சொல்லி விட்டேன்.

அந்த விஷம் ஈரலைப் பாதிக்குமாம். பிறகு வெயில் பட்டாலே தோல் புண்ணாகுமாம். இருட்டான இடத்தில் கட்டச் சொல்லி மருந்து கொடுத்தார். தாய் ஆடு பிழைத்தது. குட்டி போய்விட்டது.

"தானா மேஞ்சா நாம என்ன செய்யறது?" என்றார் என் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. சீட்டுப் பணத்திலிருந்து குட்டிக்கான விலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா பாதியைத் திருப்பித் தந்து, "நீ வாயத் தெறந்து சொன்னதாலதான்டி தாய் ஆடு தப்புச்சு" என்றார். அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

செடியைப் பிடுங்கவில்லை, மொட்டை மாடிக்கு மாற்றி விட்டேன். வெட்டிய தழையைக் குழியில் போட்டு மண்ணால் மூடுகிறேன். காய்ந்த இலையிலும் விஷம் உண்டு, மாட்டுக்கும் ஆகாது. கை அரிக்கும், உறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள். வாடிய கொத்தைக் காய் பிடிக்கும் முன்பே கிள்ளி விடுங்கள். பச்சைக் காயைக் குழந்தைகள் வாயில் போட்டுவிடக் கூடாது. பழுத்தாலோ பறவைகள் தின்று விதையைக் கண்ட இடத்தில் போட்டுவிடும். 1800களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி, இன்று நீலகிரிக் காடுவரை பரவியது இப்படித்தான்.

அழகை ரசிப்போம் தோழிகளே, அடுத்த வீட்டு வாயில்லா ஜீவனையும் நினைத்துக்கொண்டு!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.