சாமராஜநகரில் இறங்கிப் பாருங்கள்

மைசூரிலிருந்து சத்தியமங்கலம் வழியாக ஊருக்குப் போய்வரும் நம்மவர்களுக்குச் சாமராஜநகர் என்றால் பேருந்து பத்து நிமிடம் நிற்கும் இடம், அவ்வளவுதான். மைசூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். இம்முறை குழந்தைகளுடன் அங்கே இறங்கி இரண்டு நாள் தங்கினோம்.

ஊரின் பழைய பெயர் அரிகுட்டாரம். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், தம் தந்தை சாமராஜர் பிறந்த ஊர் என்பதால் 1818-இல் பெயரை மாற்றி, பிறகு சாமராஜேசுவரர் கோயிலையும் எழுப்பினார். 1997-இல் மைசூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. இம்மாவட்டத்துக் கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது! எங்கள் உறவினர் வீட்டுப் பழைய பத்திரத்தில் 'கோயமுத்தூர் ஜில்லா, கொள்ளேகால் தாலுகா' என்றே எழுதியிருக்கிறது. மறுபுறம், தமிழ்நாட்டின் தாளவாடிப் பகுதியில் இன்றும் கன்னடம்தான் அதிகம் கேட்கும். கன்னடத் திரையுலகின் ராஜ்குமாருக்குச் சொந்த ஊரான காஜனூர் அங்கேதான். மாதேசுவரன் மலைக்குச் சேலம், தருமபுரி, ஈரோட்டுப் பக்தர்கள் திரளாக வருகிறார்கள். கையில் வெண்கலத் தாளத்தைச் சுழற்றித் தட்டிக்கொண்டே அச்சாமியின் கதையைக் கன்னடத்தில் பாடி ஆடுவதற்குக் 'கம்சாளே' என்று பெயர். மொழி புரியாவிட்டாலும் கால் தானாகத் தாளம் போடும்.

மறுநாள் பிளிகிரி ரங்கன் மலை. கிழக்கு, மேற்குத் தொடர்ச்சி மலைகளை இணைக்கும் காடு அது. அங்கு வாழும் சோளிகர் பழங்குடியினருக்கு ரங்கநாதர் வெறும் தெய்வமல்லர், வீட்டு மாப்பிள்ளை. தங்கள் குலப்பெண் குசுமாலையை மணந்தவர் என்பதால் அவரை 'பாவா' என்று உறவு சொல்லி அழைக்கிறார்கள். (நம் அழகருக்கும் இப்படி ஓர் உரிமை கொண்டாடலாமே என்று என் மனைவி கேட்டாள்.) அதே காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பின்னரும், தேன் முதலிய வன விளைபொருள்களைச் சேகரிக்கும் சமூக வன உரிமையை அவர்கள் 2011-இல் சட்டப்படி பெற்றார்கள்.

இனிச் சாப்பாடு. 'முத்தே' என்பது நம் கேழ்வரகுக் களிதான். ஆனால் மெல்லக் கூடாது. சிறிது கிள்ளி, சாற்றில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். கூடவே 'உப்புசாறு': பருப்பும் கீரையும் வெந்த நீரில் உப்பிட்டு, மிளகாய், பூண்டு அரைத்த காரத்தைத் தனியே வைக்கிறார்கள். என் மகள் முதல் உருண்டையை மென்றே தீர்த்தாள்; பரிமாறிய அம்மா சிரித்துவிட்டு, இரண்டாவதைத் தம் கையாலேயே கிள்ளிக் கொடுத்தார். இந்தக் கேழ்வரகு பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களிலிருந்து நம் நாட்டுக்கு வந்தது. எத்தியோப்பியாவில் இன்றும் இதன் மாவை மற்ற மாவுடன் கலந்து புளிக்கவைத்து, தோசை போன்ற 'இஞ்செரா' சுடுவதுண்டு.

போக நினைப்பவர்களுக்கு: திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள், வனவிலங்குகளுக்காக 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. பகலிலேயே கிளம்புங்கள். வயிற்றுப் புரட்டல் உள்ளவர்கள் முத்தேயைத் திரும்பி வரும்போது சாப்பிடலாம்.