தார்ச்சாலை போடும் வேடங்கள்

தை மாதத்து இரவு, மணி எட்டரை இருக்கும். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகும் சாலையில் வண்டியை ஓரங்கட்டினேன். விளக்கு வெளிச்சத்தில் ஒரு கண்ணாடி விரியன் கிடந்தது. முதுகில் சங்கிலி கோத்ததுபோல் ஓடும் வட்டங்கள் கலையாமல் இருந்தன. நடு உடம்பு மட்டும் டயர் ஏறித் தட்டையாகியிருந்தது. அதற்குள் எறும்புகள் வரிசை கட்டிவிட்டன. குனிந்து பார்த்துவிட்டு எழும்போது கையை ஊன்றினேன். ஓரத்து மண் சில்லென்றிருந்தது. தார் வெதுவெதுவென்றிருந்தது, அடுப்பை அணைத்த பிறகும் ஆறாத தோசைக்கல்போல. பாம்பு ஏன் அங்கே வந்தது என்பதற்கான விடை என் உள்ளங்கையில் இருந்தது.

பாம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. இப்படிப்பட்ட உயிர்களைப் புறவெப்ப விலங்குகள் என்பார்கள். இதைக் குறை என்று நினைத்துவிடக் கூடாது. அருமையான சிக்கனம் இது. நாம் தின்னும் சோற்றில் பெரும்பகுதி உடம்பை 37 டிகிரியில் வைத்திருக்கவே எரிந்துபோகிறது. பாம்புக்கு அந்தச் செலவு இல்லை. தன் எடையே உள்ள ஒரு கீரி தின்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே அது காலத்தை ஓட்டிவிடும். ஆனால் விழுங்கிய எலி செரிக்கச் சூடு வேண்டும். கோடை நண்பகலில் 60 டிகிரியைத் தாண்டும் தார், பொழுது சாய்ந்த பிறகும் மணிக்கணக்கில் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தியில் சூடான பாறையைத் தேடிப் படுத்துப் பழகிய உயிருக்கு, சாலை என்பது கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டு கிடக்கும் ஒரே பாறை.

அன்றிலிருந்து சாலையில் எது அடிபட்டுக் கிடந்தாலும் ஒரு கேள்வி எழுகிறது. இதற்கு இந்தச் சாலை என்னவாகத் தெரிந்தது?

தட்டானுக்கு அது குளம். நிறுத்தி வைத்த காரின் பளபளக்கும் பானெட்டில் தட்டான் வால் நுனியால் தொட்டுத் தொட்டு எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது முட்டையிடுகிறது. சூரிய ஒளியின் அலைகள் எல்லாப் பக்கமும் அதிர்பவை. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும்போது பெரும்பாலும் படுக்கைவசமாக மட்டும் அதிர்கின்றன. இப்படி அதிர்வு ஒரு தளத்துக்குள் அடங்கிய ஒளிக்குத் தளவிளைவு ஒளி என்று பெயர். நம் கண்ணுக்கு இந்த வேறுபாடு பிடிபடாது. நீரில் முட்டையிடும் பூச்சிகளோ, பறந்தபடியே குளத்தை அடையாளம் காண்பது இதைக் கொண்டுதான். கறுத்து வழவழப்பான தாரும் ஒளியை அப்படியே திருப்புகிறது. வளர்ந்தபின் ஓரிரு நாள் மட்டுமே வாழும் ஒருநாள் பூச்சிகள், காய்ந்த தார்ச்சாலையில் கூட்டம் கூட்டமாக முட்டையிடுவது ஏன் என்று ஹங்கேரி ஆய்வாளர்கள் தேடி, 1998இல் இந்தக் காரணத்தை வெளியிட்டார்கள். உண்மையான ஓடையைவிடச் சாலைதான் அந்தப் பூச்சிகளை அதிகமாக ஈர்த்திருக்கிறது!

லாரியிலிருந்து சிந்திய நெல்லுக்கு எலி வருகிறது. எலியைப் பிடிக்கத் தாழப் பறந்து வருகிறது கூகை. அதற்கு அந்த இடம் மறைவே இல்லாத வேட்டைக்களம்.

தேரைக்கு மட்டும் சாலை ஒன்றும் இல்லை, குறுக்கே கிடக்கும் வெறும் தரை. முதல் மழைக்கு இணை தேடி, நீர் தேடிக் கிளம்புகிறது. வண்டி நெருங்கினால் துள்ளி ஓடாமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. இரையின் அசைவை வைத்தே பிடிக்கும் எதிரிகளுக்கு, அசையாத தேரை ஒரு மண்ணாங்கட்டி. எறும்புத்தின்னி பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதன் செதில் சிறுத்தையின் பல்லுக்கே பிடிகொடுக்காது. எத்தனை ஆயிரம் தலைமுறை சோதித்துத் தேறிய தற்காப்பு! லாரியின் எடை அந்தச் சோதனையில் இல்லாமல் போனதுதான் கொடுமை.

மரநாயின் கண்ணைப் பாருங்கள். இரவில் புதருக்குள் மின்னும் அந்த ஒளி கண்ணிலிருந்து பிறப்பதில்லை. விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் ஒரு படலம் இருக்கிறது. மிளிர்படலம் என்று வைத்துக்கொள்வோம். விழித்திரையில் பிடிபடாமல் தப்பிய ஒளியை அது திருப்பி அனுப்பி, இரண்டாம் முறை பிடிக்க வழி செய்கிறது. பூனைக்கும் இதே அமைப்புதான். நமக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு அதற்குப் போதும் என்கிறார்கள். இவ்வளவு நுட்பமான கண்ணில் ஹெட்லைட் பாய்ந்தால் என்ன ஆகும்? பகல் காட்சி முடிந்து தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்கு வரும்போது நாமே கண் கூசி நின்றுவிடுகிறோம். அந்த நிற்றல்தான் மரநாயின் உயிரைப் பறிக்கிறது.

காகம் வேறு ரகம். செத்த எலியைக் கொத்திக்கொண்டிருக்கும்போது பேருந்து வந்தால், பதறிப் பறக்காமல் இரண்டு தத்துத் தத்தி ஓரத்துக்கு வரும்; பேருந்து போனதும் திரும்பிவிடும். எல்லாப் பறவைக்கும் இந்தக் கணக்கு வராது. அமெரிக்காவில் சிறு பறவைகளுக்கு, வண்டி பாய்ந்து வரும் வீடியோவைக் காட்டிச் சோதித்தார்கள். அவை வேகத்தை அளக்கவில்லை, தூரத்தைத்தான் அளந்தன. வண்டி ஏறத்தாழ 30 மீட்டர் நெருங்கியதும் கிளம்பின. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்த 30 மீட்டரைக் கடக்க இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும், பறவை தப்பிவிடும். 120இல் ஒரு நொடிகூட இல்லை. தரையில் ஓடி வரும் எந்த வேட்டை விலங்கும், சிவிங்கிப்புலி உட்பட, அந்த வேகத்தில் வந்ததில்லை.

ஆனாலும் ஒரு பறவை பரிணாமத்தின் வழியே பதில் சொல்லியிருப்பதாகத் தெரிகிறது. நெப்ராஸ்காவில் நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு அடியில் மண்கூடு கட்டும் ஒருவகைத் தகைவிலான்களை, சார்லஸ் பிரவுன், மேரி பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 1982 முதல் 30 ஆண்டுகள் கவனித்தார்கள். பறவைகள் பெருகின, ஆனால் அடிபடுபவை ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. செத்துக் கிடந்தவற்றின் சிறகையும் உயிரோடிருப்பவற்றின் சிறகையும் அளந்தார்கள். அடிபட்டவற்றுக்குச் சிறகு நீளம். மற்றவற்றின் சிறகு சில மில்லிமீட்டர் குட்டையாகிக்கொண்டே வந்திருந்தது. குட்டைச் சிறகு சட்டென்று மேலெழும்பவும் திரும்பவும் ஏற்றது. நம் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் சக்கரங்கள் ஒரு பறவையின் சிறகைச் செதுக்கியிருக்கின்றன. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

விரியனுக்கும் தேரைக்கும் அப்படிச் சிறகு இல்லை. மாற வேண்டியது சாலையும் நாமும்தான். வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். மத்திய இந்தியாவின் பெஞ்ச் காட்டுக்குள் போகும் 44ஆம் தேசிய நெடுஞ்சாலையை விலங்குகளுக்காகவே தூண்கள்மேல் தூக்கியிருக்கிறார்கள். ஒரு கீழ்வழி மட்டும் 750 மீட்டர். லாரிகள் தலைக்கு மேல் ஓட, கீழே புலி நடப்பதைத் தானியங்கிக் கேமராக்கள் படம் பிடித்திருக்கின்றன. பண்ணாரியிலிருந்து திம்பம் வழியாகப் போகும் காட்டுச்சாலையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

மற்ற சாலைகளில் நம் கால்தான் கட்டுப்பாடு. 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி. அதற்குள் 33 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையிலேயே வண்டி நிற்க இன்னும் 35 மீட்டர் வேண்டும். லோ பீம் வெளிச்சம் எட்டுவதோ சுமார் 50 மீட்டர். வேகம் 50 என்றால், நனைந்த சாலையானாலும் சுமார் 40 மீட்டருக்குள் நிறுத்திவிடலாம். மழை பெய்து ஓய்ந்த இரவில், வயலோரமும் குளத்தங்கரையும் வரும் இடங்களிலாவது 50ஐத் தாண்டாதீர்கள். தேரைகள் அப்போது கடந்துகொண்டிருக்கும்.