கைமுதல் – 14: கேட்டில் சொல்ல ஒரு பெயர்

இந்த வாரம் ரேட் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் பெயர் விஷயம் குறுக்கே வந்துவிட்டது. வீடு சுத்தம் செய்யும் தொழில் தொடங்கும் திருச்சித் தோழிகள் இருவரையும், அவர்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வேக்யூம் மெஷினையும், அதற்காக வாங்கிய நகைக்கடனையும் தொடர்ந்து படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு.

விசிட்டிங் கார்டு அடிக்கப் போன இடத்தில், "பேர் என்னம்மா போடணும்?" என்று கேட்டிருக்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வீடு திரும்பி, ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார்கள். அந்த நோட்டை எனக்கு அனுப்பினார்கள். பக்கம் முழுக்க கிளீன், ஷைன், ப்ரைட், ஃப்ரெஷ், ஸ்பார்க்கிள், பளிச். முன்னால் ஒரு சூப்பர், பின்னால் ஒரு சர்வீஸ். எப்படி மாற்றிப் போட்டாலும் ஒரே பெயரைத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார்கள்.

எதனால் அது வேண்டாம் என்று சொல்கிறேன்? உங்கள் செல்போனை எடுத்துப் பாருங்கள். 'ஏசி முருகன்', 'கேஸ் செல்வம்', 'தண்ணி கேன் அண்ணன்', 'பிளம்பர் தென்னூர்'. நாம் யாரையும் கம்பெனிப் பெயரில் சேமிப்பதில்லை. வேலை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அல்லது வேலை ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். 'சூப்பர் ஷைன் கிளீனிங் சர்வீஸ்' என்று கார்டு கொடுத்தாலும், போனில் அது 'சோஃபா கிளீனிங்' என்றுதான் ஏறும். ஆறு மாதம் கழித்துத் தேடும்போது அதே தலைப்பில் மூன்று நம்பர் கிடக்கும். முதலில் கண்ணில் பட்டவருக்கு வேலை போகும். போன தடவை முட்டி தேய உட்கார்ந்து குளியலறை டைல்ஸின் உப்புக்கறையை எடுத்தவருக்குப் போகாது.

இன்னொரு இடமும் இருக்கிறது: அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட். செக்யூரிட்டி நோட்டை நீட்டி, "எங்கேருந்து வர்றீங்க?" என்பார். வாளியும் மாப்பும் கையில் பிடித்தபடி ஒரு பெண் அங்கே நின்று ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அவர் அதை இன்டர்காமில் மேலே சொல்ல வேண்டும். மேலே இருப்பவருக்கு அது புரிந்து, கதவைத் திறக்க மனம் வர வேண்டும். சுத்தம் செய்யும் தொழில், பிறர் வீட்டுக்குள், படுக்கையறை வரைக்கும் போகும் தொழில். அங்கே பெயர்தான் முதல் உத்தரவாதம். 'ஷைன்' என்ற சொல்லுக்குப் பின்னால் பொறுப்பேற்க யாரும் நிற்பதில்லை.

சுத்தம் செய்யும் தொழிலில் யார் என்ன பெயர் வைத்தார்கள் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஹியூபர்ட் செசில் பூத் கதை கிடைத்தது. இந்த வாரம் முழுக்க நான் பார்த்தவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், உங்களிடமும் சொல்லியாக வேண்டும்.

பூத் ஓர் இங்கிலாந்துப் பொறியாளர். பாலங்களும் ராட்சச ராட்டினங்களும் வடிவமைத்தவர். 1901இல் லண்டனில் ஓர் அமெரிக்க இயந்திரத்தின் செயல்விளக்கத்துக்குப் போனார். அது காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் இயந்திரம். கிளம்பிய தூசியில் பாதி திரும்ப அங்கேயே படிந்தது. "ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன?" என்று பூத் கேட்டார். முடியாது என்றார்கள். சில நாள் கழித்து ஓர் உணவகத்தில், வெல்வெட் நாற்காலியின் மேல் கைக்குட்டையைப் போட்டு, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். மூச்சு முட்டியது. ஆனால் கைக்குட்டையின் அடிப்பக்கம் கறுப்பாக இருந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர் செய்த இயந்திரம் வீட்டுக்குள் நுழையவே நுழையாத அளவுக்குப் பெரியது. குதிரை வண்டியில் ஏற்றி வாசலில் நிறுத்துவார்கள். சீருடை அணிந்த ஆட்கள் நீளமான குழாய்களை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுபோய்க் கம்பளங்களை உறிஞ்சி எடுப்பார்கள். கவனியுங்கள்: பூத் முதலில் இயந்திரத்தை விற்கவில்லை, வீடு சுத்தம் செய்து கொடுத்தார். நம் திருச்சித் தோழிகள் செய்யப்போகும் அதே தொழில்! இயந்திரத்தின் சத்தத்தில் தெருக் குதிரைகள் மிரண்டு, வழக்கு வரைக்கும் போனது. வேடிக்கை பார்க்கச் சீமாட்டிகள் தோழிகளைத் தேநீருக்கு அழைத்தார்கள். தூசி போவது கண்ணுக்குத் தெரியட்டும் என்று கண்ணாடிபோன்ற குழாய்களையும் பூத் பொருத்தினார். செய்த வேலையைக் காட்டத் தெரிந்த மனிதர். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளத்தைச் சுத்தம் செய்யும் வேலை அவருக்கு வந்தது. அதன்பின் அரண்மனையே வாடிக்கையாளர்.

இத்தனையும் செய்தவர் கம்பெனிக்கு என்ன பெயர் வைத்தார்? பிரிட்டிஷ் வேக்யூம் கிளீனர் கம்பெனி. வேக்யூம் கிளீனர் என்ற சொற்சேர்க்கையே அந்தக் கம்பெனியின் 1901 அறிக்கையில்தான் முதன்முதலில் வந்தது என்கிறார்கள். செய்யும் வேலையை அப்படியே சொல்லும் பெயர். அதனாலேயே அது அவரிடம் தங்கவில்லை. உலகத்தில் யார் இந்த இயந்திரம் செய்தாலும் அந்தப் பெயரில்தான் விற்றார்கள். நம் ஊர்க் கடையில் 'வேக்யூம் கிளீனர் இருக்கா' என்று கேட்பவருக்கு பூத் யாரென்று தெரிய வழியே இல்லை.

கதை இதோடு முடியவில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊர். அங்கே ஒரு பெரிய கடையில் துப்புரவு வேலை பார்த்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர். அவருக்கு ஆஸ்துமா. கம்பளம் பெருக்கும்போது எழும் தூசியில் இழுப்பு வந்துவிடும். ஒரு மின்விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றைக் கட்டி, கையால் தள்ளிக்கொண்டு போகக்கூடிய உறிஞ்சு மெஷினை அவரே செய்தார். 1908இல் காப்புரிமை வாங்கினார். பெருமளவில் செய்து விற்கக் கையில் காசில்லை. தெரிந்த பெண்மணி ஒருவர் அதை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்துக் கணவரிடம் சொன்னார். குதிரைச் சேணமும் தோல் பொருள்களும் செய்துகொண்டிருந்த அந்தக் கணவர் காப்புரிமையை வாங்கினார். அவர் பெயர் வில்லியம் ஹூவர்.

இன்றைக்கும் பிரிட்டனில் வீட்டை வேக்யூம் போடுவதற்கு 'ஹூவர் செய்வது' என்றுதான் சொல்கிறார்கள். ஹூவர் நேர்மையாகவே நடந்துகொண்டார். ஸ்பாங்லருக்கு உரிமைத்தொகை கொடுத்தார், 1915இல் அவர் இறந்த பிறகு குடும்பத்துக்கும் கொடுத்தார்கள். ஆனால் பெயர்ப்பலகையில் ஏறியது முதலாளியின் பெயர். துடைப்பம் பிடித்தவரின் பெயர் ஏறவில்லை. இது எனக்குத் தாங்கவில்லை.

பெயர் வைத்து நிலைத்தவர்களைப் பார்த்தால், ஒரு மனிதப் பெயர் உள்ளே இருக்கிறது. ஹார்பிக் என்பது ஹாரி பிக்கப் என்பவரின் பெயரைச் சுருக்கியது. கடலூர் சின்னிகிருஷ்ணனின் பெயர்தான் மகன் ரங்கநாதன் கையில் 'சிக்' ஷாம்பூ ஆனது. திருச்சூரில் 1983இல் உஜாலா நீலத்தோடு தொடங்கிய ராமச்சந்திரன், கம்பெனிக்கு மகள் ஜோதியின் பெயரை வைத்தார். அகமதாபாத்தில் 1969இல், அரசு வேலைக்குப் போய்க்கொண்டே சைக்கிளில் சோப்புத்தூள் விற்ற கர்சன்பாய் படேல், விபத்தில் பறிகொடுத்த மகள் நிருபமாவின் பெயரில்தான் நிர்மா என்று வைத்தார். ஒரு தகப்பன் அந்தப் பெயரை அழுக்குத்துணி துவைக்கும் தூளுக்கு வைத்திருக்கிறார் என்றால், அந்தத் தூளை எவ்வளவு மதித்திருக்க வேண்டும்.

இதைத்தான் தோழிகளுக்குப் போனில் சொன்னேன். அங்கேதான் பிரச்சினை கிளம்பியது.

இருவரில் மூத்தவளின் மாமனார் மளிகைக் கடை வைத்திருப்பவர். கடைக்குத் தன் அம்மா பெயரை வைத்திருக்கிறார். அதே பெயரை நாங்களும் வைத்துக்கொள்கிறோம் மாமா என்று மருமகள் கேட்டிருக்கிறாள். அவர் கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார்.

"அரிசி பருப்பு விக்கிறதுக்கு வச்ச பேரும்மா அது. அடுத்தவன் வீட்டு கக்கூஸ் கழுவறதுக்கு எங்கம்மா பேரா?"

மருமகள் நிர்மா கதையைச் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் பதில் வைத்திருந்தார். "அது பவுடர் விக்கிற கம்பெனி. இது கூலி வேலை. ரெண்டும் ஒண்ணா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. நகைக்கடனுக்குக் கூடவே வந்து நின்றவர். ஆனால் கழுவும் வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டி, அந்த வேலையையும் ஆளையும் தள்ளிவைத்துப் பழகிய சமூகத்தில் வளர்ந்தவருக்கு, தூளை விற்பது வியாபாரம், அந்தத் தூளைப் போட்டுத் தேய்ப்பது கேவலம். நாம் எல்லோரும் அதே சமூகத்தில் வளர்ந்தவர்கள்தான். அது மாற வேண்டும். பெயர்ப்பலகையில் இருந்தும் அது மாறத் தொடங்கலாம்.

தூள் விற்பது, சுத்தம் செய்வது இரண்டையும் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், தொழில் தொடங்குபவர்களுக்கு உதவும். வணிகச் சின்னப் பதிவில் சோப்பும் பவுடரும் வகுப்பு 3. கட்டடம், வீடு சுத்தம் செய்யும் சேவை வகுப்பு 37. இரண்டுக்கும் ஒரே கட்டணம், ஒரே பத்து வருடப் பாதுகாப்பு, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். தனிநபரோ, உத்யம் சான்றிதழ் வைத்திருக்கும் சிறுநிறுவனமோ ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்பவரிடம் போகாதீர்கள். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, செய்யும் வேலையையோ அதன் தரத்தையோ மட்டும் சொல்லும் பெயரைப் பதிய இடம் தருவதில்லை. நீண்ட காலப் பயன்பாட்டில் அது உங்களுடையதென்று ஊரறிந்தால் மட்டுமே விலக்கு. ஏற்கெனவே இருக்கும் பெயரோடு குழப்பம் வந்தால் 11ஆவது பிரிவு தடுக்கும். பதிவுத்துறையின் இணையதளத்தில் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். கார்டு அடிப்பதற்கு முன்னால் தேடுங்கள்.

கூட்டுத்தொழில் என்றால் இன்னொன்று. தோழிகளின் நோட்டில் 'ராயல் ஷைன்' என்று ஒரு பெயர் இருந்தது. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 58ஆவது பிரிவில் ராயல், கிங், குயின், கிரவுன், எம்பயர் போன்ற சொற்களை, மாநில அரசின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல், நிறுவனப் பெயரில் சேர்க்கக் கூடாது என்று இருக்கிறது. ராஜாங்கம் போயும் அந்த வரி இன்னும் நிற்கிறது! அரசின் ஆதரவு இருப்பதுபோலத் தோன்றும் பெயர்களும் கூடாது. 'ஸ்வச்' மோகத்தில் அரசுத் திட்டத்தின் பெயரை அப்படியே எடுக்க நினைப்பவர்கள் கவனிக்கவும்.

நோட்டில் இருந்த 'டேங்க்' என்ற சொல்லையும் நான் அடித்துவிடச் சொன்னேன். இவர்கள் நினைத்தது மாடித் தண்ணீர்த் தொட்டி. போனில் வருவது செப்டிக் டேங்க் அழைப்பாக இருக்கும். தக்க பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கி அதைச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிரும் போகும். பெயரில் என்ன எழுதுகிறோமோ அந்த வேலைதான் தேடி வரும்.

சரி, மாமனாரிடம் தோற்ற பிறகு என்ன நடந்தது? மூன்று நாள் பேச்சில்லை. பிறகு இளையவள் சொல்லியிருக்கிறாள்: "அப்போ எங்க அம்மா பேரை வச்சுக்கலாம்க்கா."

அவள் அம்மா தில்லைநகர்ப் பக்கம் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து, மகளை பி.காம். படிக்க வைத்தவர். அந்த வீடுகளில் அவர் 'பாத்திரக்கார அம்மா'. போன்களில் 'வேலைக்காரம்மா'. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. மகள் கேட்டதும் அந்த அம்மா, "ஏண்டி, என் பேரை யாருக்குடி தெரியும்?" என்றாராம். "அதுக்குத்தாம்மா" என்றிருக்கிறாள் மகள்.

பெயர் முடிவாகிவிட்டது. அந்த அம்மாவின் பெயர், அதன்பின் 'வீட்டுச் சுத்தம்' என்ற இரண்டு சொற்கள். கேட்டில் ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது. போனில் 'வீட்டுச் சுத்தம்' என்று தேடினாலும் கிடைக்கும், அம்மா பெயரைத் தேடினாலும் கிடைக்கும். வகுப்பு 37 விண்ணப்பம் போகும்வரை பெயரை இங்கே அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இந்தத் தொடரை எத்தனையோ பேர் படிக்கிறார்கள். பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும், ஆங்கிலம் அதன் கீழே வரும். தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி அப்படித்தான் இருக்க வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள். சீருடையின் பையில் நிறுவனத்தின் பெயரோடு வேலைக்கு வரும் பெண்ணின் பெயரும் தைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மூத்தவளின் மாமனார் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டி தேய்க்கும் நீளக் காம்பு பிரஷ் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று விசாரித்துச் சொன்னாராம்.

முதல் விசாரணையும் வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு, குடிவருவதற்கு முன் முழுச் சுத்தம், பெயின்ட் சொட்டுகள் தரையெங்கும். "எவ்வளவு கேக்கணும்க்கா?" என்று கேட்டு நிற்கிறார்கள். பெயின்ட் சொட்டுக்குத் தனி ரேட் உண்டா, சதுர அடிக் கணக்கு அதில் செல்லுமா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.