நீண்ட வினைச்சொற்களில் அசை பிரிப்பு

யாப்பில் எழுத்துகள் சேர்ந்து அசையாகும். அசைகள் சேர்ந்து சீராகும். குறில் தனித்தோ ஒற்றுடனோ வந்தாலும், நெடில் தனித்தோ ஒற்றுடனோ வந்தாலும் நேரசை. இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்தால், ஒற்று வந்தாலும் வராவிட்டாலும், நிரையசை. சொல்லின் பொருள் எங்கே பிரிகிறது என்பதை இந்த விதி பார்ப்பதில்லை. அலகிடும் மாணவர் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுவே.

விருதுநகர் மாவட்டத்தின் இரண்டு ஊர்ப்பெயர்கள் இதற்கு நல்ல சான்று. இராசபாளையம் என்பது பொருளால் இராச + பாளையம். அசையாலோ இரா/சபா/ளையம்: மூன்றும் நிரை, கருவிளங்கனி. (இடையில் வரும் ‘ளை’ ஐகாரக் குறுக்கமாதலால் குறில்போல நின்று ‘யம்’முடன் இணைகிறது.) ஆண்டாள் பிறந்த திருவில்லிபுத்தூரும் அப்படித்தான்: திரு/வில்/லிபுத்/தூர், புளிமாநறும்பூ. வில்லி, புத்தூர் என்ற எல்லையைத் தாண்டி ‘லிபுத்’ ஓர் அசையாகிவிடுகிறது.

வினைச்சொற்களில் சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும் கணக்கையே மாற்றும். ‘வந்து கொண்டு’ இரு தேமா. ‘வந்துகொண்டு’ எனச் சேர்த்தால் வந்/துகொண்/டு, கூவிளங்காய். ‘படித்துக்கொண்டு’ என்பதில் இந்தச் சிக்கல் இல்லை. வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் மிகுந்த ‘க்’, ‘து’வைத் தன்னோடு நிறுத்திக்கொள்கிறது: படித்/துக்/கொண்/டு.

ஒரு சீரில் நான்கு அசைக்கு மேல் இடமில்லை. ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ ஆறு அசை: படித்/துக்/கொண்/டிருந்/தார்/கள். ‘படித்துக்’ ஒரு சீராகவும் எஞ்சியது நாலசைச் சீராகவும் நிற்கலாம். நாலசைச் சீரை ஏற்காத வெண்பாவில் ‘கொண்டிருந் தார்கள்’ என மேலும் வெட்ட வேண்டும். இப்படிப் பொருள் நோக்காது ஓசை நோக்கிப் பிரிப்பதே வகையுளி. இங்கே ‘இருந்தார்’ என்ற சொல்லின் நடுவே வெட்டு விழுகிறது. கால இடைநிலை ‘த்’ விகுதியோடு அடுத்த சீருக்குப் போய்விடுகிறது.

தொல்காப்பியர் வழியில் கணக்கு வேறு. நேர், நிரையோடு நேர்பு, நிரைபு என்பனவும் அங்கு உண்டு; எனவே ‘வந்து’ முழுவதும் ஒரே அசை, நேர்பு. பள்ளிகளில் பயில்வது யாப்பருங்கலக்காரிகை வழி.

அசையை ஆங்கிலத்திலோ எசுப்பானியத்திலோ சொல்லப்படும் ஒலியசையோடு குழப்பக் கூடாது. நிரை ஒன்றில் இரண்டு ஒலியசைகள் உண்டு. எசுப்பானிய வினையில் அழுத்தம் பொருளை மாற்றும்: ‘அப்லோ’வில் முதல் ஒலியசையை அழுத்தினால் ‘பேசுகிறேன்’, கடைசியை அழுத்தினால் ‘பேசினார்’. தமிழில் அந்த வேலையை அழுத்தம் செய்வதில்லை. ‘விடு’வையும் ‘வீடு’வையும் பிரிப்பது மாத்திரை அளவு.