மாஅத்: ஒரு சொல், பல பொருள்

பண்டை எகிப்தியரின் சமயச் சொற்களுள் 'மாஅத்' என்பதைப் போல் மொழிபெயர்ப்போரைத் திணறச் செய்வது பிறிதொன்றில்லை எனலாம். 'உண்மை' என்றால் நீதி விடுபடுகிறது. 'நீதி' என்றாலோ உலக ஒழுங்கு விடுபடுகிறது. இம்மூன்றும் எகிப்தியருக்கு ஒன்றே என்பதை இங்கு எடுத்துக்காட்ட விழைகிறேன்.

1822-இல் ஷாம்போலியன் எகிப்தியச் சித்திர எழுத்துகளின் புதிரை அவிழ்த்தார். அவ்வெழுத்தில் உயிரொலிகள் குறிக்கப்படுவதில்லை. ஆகவே, 'மாஅத்' என்பது இன்றைய அறிஞர்கள் வசதிக்காகக் கொண்ட ஒலிப்பேயாகும்.

முதலாவதாக, மாஅத் என்பது உலக ஒழுங்கு. கதிரவன் நாள்தோறும் எழுவதும், நைல் ஆண்டுதோறும் பெருகியதும் அதனாலேயே என எகிப்தியர் நம்பினர். இதன் எதிர்ச்சொல் 'இஸ்பெத்'. குழப்பமும் கொடுமையும் அதனுள் அடங்கும். இஸ்பெத்தை விலக்கி மாஅத்தை நிலைநாட்டுவதே மன்னனின் தலையாய கடமை. மன்னன் மாஅத்தின் சிறு உருவத்தைக் கையிலேந்தித் தெய்வங்களுக்குப் படைக்கும் காட்சியைக் கோயிற் சுவர்களில் காண்கிறோம். தலையில் தீக்கோழி இறகு சூடிய பெண் தெய்வமே அவ்வுருவம்.

இரண்டாவதாக, அது உண்மை. இறந்தவர் நூலின் 125-ஆம் பகுதியில், இறந்தவன் 42 தெய்வங்களின் முன் நின்று, தான் செய்யாத தீமைகளை ஒவ்வொன்றாகக் கூறுகிறான். தராசின் ஒரு தட்டில் அவன் இதயம். மறு தட்டில் மாஅத்தின் இறகு. தேறியவன் 'மாஅ-கெரு', அதாவது 'குரல் மெய்யானவன்' எனப்படுவான். தேறாதவனின் இதயத்தை, முதலைத் தலையுடைய அம்மித் விழுங்கிவிடும்.

மூன்றாவதாக, அது நீதி. ஏறத்தாழ 3,800 ஆண்டுகட்கு முற்பட்ட கதையொன்று இதனை நன்கு விளக்குகிறது. வழியோரப் பயிரில் ஒரு கழுதை வாய் வைத்ததைச் சாக்காக்கி, ஏழைக் குடியானவன் ஒருவனின் கழுதைகளையெல்லாம் ஒருவன் பறித்துக்கொள்கிறான். குடியானவன் அரசு அதிகாரியிடம் ஒன்பது முறை முறையிடுகிறான். அவன் இரக்கம் வேண்டி நிற்கவில்லை. மாஅத்தைக் காப்பது அதிகாரியின் கடமை என்று வாதிடுகிறான். தராசே பொய்த்தால் எதைக் கொண்டு நிறுப்பது என்பதே அவன் வாதத்தின் சாரம். முடிவில் பறித்தவனின் உடைமைகள் அவனுக்கே அளிக்கப்படுகின்றன.

கதிரவனின் பாதைக்கும் ஏழையின் கழுதைக்கும் ஒரே சொல்! எளியவனுக்கு இழைக்கும் அநீதி, உலகின் ஒழுங்கையே குலைக்கும் செயல் என்பதே அதன் உட்பொருள். மாஅத் என்னும் சொல்லின் பெருமை இதுவே என்பது என் துணிபு.