ஒரே விசைக்கு இரண்டு வேலை!

கணிப்பொறியில் கட்டுரை எழுதும்போது பிழை நேர்ந்தால் என்ன செய்கிறீர்கள்? சுட்டியை நகர்த்தி, அந்த இடத்தைத் தொட்டுத் திருத்துகிறீர்கள். சுட்டியே இல்லை, கறுப்புத் திரையும் விசைப்பலகையும் மட்டும்தான் என்றால்? தொலைதூரத்திலுள்ள கணிப்பொறி ஒன்றில் ஒரு வரியை மாற்ற வேண்டியவர்களின் நிலை பெரும்பாலும் இதுதான். அவர்களுக்குக் கைகொடுக்கும் கருவிகளுள் ஒன்று ‘வீ-ஐ’ என்னும் உரைத் தொகுப்பி.

1976-இல் அமெரிக்காவின் பெர்க்லியில், கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவராக இருந்த பில் ஜாய் இதை உருவாக்கினார். வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாகக் கணிப்பொறியோடு அவர் தொடர்பு கொண்ட வேகம் விநாடிக்கு 300 பிட். ஓர் எழுத்தை அனுப்ப, தொடக்க, முடிவுக் குறிகளோடு சேர்த்து 10 பிட் வேண்டும். ஆகவே விநாடிக்கு 30 எழுத்துகளே வரும். திரையில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள் என்றால் மொத்தம் 1,920. கணக்கிட்டுப் பாருங்கள்: திரை முழுவதும் நிரம்ப 64 விநாடிகள்!

இத்தகைய நிலையில் நீண்ட கட்டளைகள் கட்டுப்படியாகுமா? எனவே கட்டளைகள் ஓரிரு எழுத்துகளாகச் சுருங்கின. ஆனால் எழுத்து விசைகளே கட்டளைகளானால் உரையை எப்படி எழுதுவது? இதற்காகவே வீ-ஐ-க்கு இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று கட்டளை நிலை. மற்றொன்று எழுதும் நிலை. திறந்தவுடன் இருப்பது கட்டளை நிலை. ‘ஐ’ விசையை அழுத்தினால் எழுதும் நிலை. ‘எஸ்கேப்’ விசை மீண்டும் கட்டளை நிலைக்குக் கொண்டுவரும்.

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஏற்கெனவே எழுதிய கோப்பைத் திறந்து, ‘ஐ’யை அழுத்த மறந்து, ‘டியர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் டீ, ஈ, ஏ, ஆர் எழுத்துகளைச் சிறிய எழுத்தில் தட்டுவதாகக் கொள்வோம். ‘டீ-ஈ’ என்பது சொல்லின் இறுதிவரை அழிக்கும் கட்டளை. இருந்த சொல் போய்விடும்! ‘ஏ’ எழுதும் நிலைக்கு மாற்றும். கடைசி ‘ஆர்’ மட்டும் திரையில் விழும். கணிப்பொறி பழுதாகவில்லை, நீங்கள் இட்ட கட்டளையைத்தான் அது நிறைவேற்றியது.

அஞ்ச வேண்டாம். எஸ்கேப்பை அழுத்திவிட்டு ‘யூ’வை அழுத்தினால் கடைசி மாற்றம் நீங்கும். 1991-இல் பிராம் மூலெனார் வெளியிட்ட ‘விம்’ என்ற மேம்பட்ட வடிவத்தில், யூவை இருமுறை அழுத்தினால் அழிந்த சொல்லும் திரும்பிவிடும்.

இன்னும் சில கட்டளைகள்:

எச், ஜே, கே, எல் – முறையே இடம், கீழ், மேல், வலம் நகர.
எக்ஸ் – ஓர் எழுத்தை அழிக்க.
டீ டீ – முழு வரியை அழிக்க.
முக்காற்புள்ளி, டபிள்யூ, கியூ – சேமித்து வெளியேற.
முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி – சேமிக்காமல் வெளியேற.

கடைசி இரண்டுக்கும் பிறகு ‘என்டர்’ விசையை அழுத்த வேண்டும்.

எச், ஜே, கே, எல் என்ற வரிசை ஏன்? பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. இந்த நான்கு விசைகளின் மீதே அவை பொறிக்கப்பட்டிருந்தன. அந்த முனையம் மறைந்துவிட்டது, பழக்கம் நிலைத்துவிட்டது.

லினக்ஸ் கணிப்பொறி கிடைத்தால், சுட்டியைத் தொடாமல் ஐந்து வரிகள் எழுதி, மூன்றாவது வரியை அழித்து, சேமித்து வெளியேறுங்கள் பார்க்கலாம்! எந்த நிலையில் இருக்கிறோம் என்ற ஐயம் வந்தால், முதலில் எஸ்கேப்பை அழுத்துங்கள்.